கடல்பாசி மேல் ஒரு வழக்கு

எங்கள் வீட்டில் சண்டைக்குக்கூட ஃபைல் உண்டு. பெரியப்பா தாலுகா அலுவலகத்தில் ஹெட் கிளார்க். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற வரை மோட்டாரை அணைக்காமல் விட்டது யார், சைக்கிள் பெல்லை உடைத்தது யார் என்பதையெல்லாம் அவர் வெறும் வாயால் விசாரிக்க மாட்டார். பழுப்பு அட்டையை எடுத்து, நாடாவை அவிழ்த்து, வெள்ளைத்தாளில் நம்பர் போட்டு, இரண்டு தரப்பையும் எழுதிக்கொண்டு, கடைசியில் உத்தரவு போடுவார். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவியை அரசாங்கம் அவருக்குக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை அவர் வீட்டில் தீர்த்துக்கொண்டார்.

அப்படி அவர் போட்ட ஃபைல்களில் நான் வாதாடி ஜெயித்தது ஒன்றே ஒன்று. எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. கடல்பாசி சைவமா, அசைவமா என்பதுதான் வழக்கு.

திருநகரில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் அப்பா அம்மாவுடன் நான், மொட்டை மாடியில் கட்டிய ஒற்றை அறையில் சித்தப்பா. அவர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். ஆனி மாதம் அவருக்குக் கல்யாணமாகி, அந்த அறைக்குச் சித்தி வந்து சேர்ந்தாள். ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரில், கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு பச்சை டிரங்குப் பெட்டியும் வந்து இறங்கியது. அதில் பட்டுப்புடவை இருக்கும் என்று பெரியம்மா ஆசையாகத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது பாசி. தாள் தாளாக ஒட்டி, அழுத்திக் காயவைத்து, கீழே பெயர் எழுதிய கடல்பாசிகள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பெரியம்மா பெட்டியை மூடிவிட்டு, கையை இரண்டு முறை கழுவினாள்.

சித்தி கடல் உயிரியலில் எம்.எஸ்சி. படித்தவள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் அப்பாவும்தான் பி.காம். படித்தவர். என் கணக்கு நோட்டை நீட்டினால், "அதெல்லாம் மறந்து போச்சும்மா, அம்மாகிட்ட கேளு" என்பார். ஆகவே படிப்பு என்பது கல்யாணத்தோடு மறந்துபோகிற சங்கதி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சித்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. இழுக்காமல் தலை பின்னுவாள், பொய்யாகத் தோற்காமல் சீட்டு விளையாடுவாள், மழை வந்தால் துணியை எடுக்காமல் முதலில் நனைவாள். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் ஆள் அவள்தான்.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டாது. சனிக்கிழமை தோறும் பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். இரண்டாம் சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், சுண்டல், மாவிளக்கு எல்லாம் வைத்து முடித்த பிறகு, சித்தி ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வரிசையில் கடைசியாக வைத்தாள். வெள்ளை வெளேரென்று, வில்லை வில்லையாக வெட்டிய ஒரு பலகாரம். கற்பூரம் காட்டி முடித்ததும் முதல் ஆளாகப் பெரியப்பா அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். போட்டது தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய்விடவே இன்னொன்று எடுத்தார். நின்ற நிலையில் நான்கு வில்லை ஆயிற்று.

"இது என்னத்தா, இப்படி வழுவழுன்னு இருக்கு?" என்றாள் பெரியம்மா.

"கடல்பாசிக்கா. அம்மா வீட்டுல இருந்து குடுத்து விட்டாங்க. பால் ஊத்திக் காய்ச்சி ஆற வச்சேன்."

"கடல்லயா எடுத்தது?"

"ஆமாக்கா."

பெரியம்மா தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஏலக்காய் வாசனையைத் தாண்டி அவள் மூக்கு எங்கோ ராமேஸ்வரம் வரை போய்விட்டு வந்தது.

"ஆத்தாடி! கவிச்சியக் கொண்டாந்து பெருமாளு முன்னாடி வச்சிருக்கியே!"

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. விளக்கைக் கழுவினார்கள், தரையைக் கழுவினார்கள், எல்லோரும் மறுபடி தலைக்குக் குளித்தார்கள். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோய் கடைசியாகக் குளிக்க வந்த பெரியப்பா சோப்பு நுரையோடு நின்று கத்தினார். நான்கு வில்லை சாப்பிட்டவர் என்பதால் அவருக்காக யாரும் பரிதாபப்படவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு சிரிப்புக் கதை. ஆனால் அந்த வாரம்தான் சித்திக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மண்டபம் கடலோரத்தில் பாசிகளையும் கடற்புல்லையும் கணக்கெடுக்கும் வேலை. மூன்றாம் சனிக்கிழமை கழிந்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அங்கே அம்மா வீட்டில், சனி ஞாயிறு இங்கே என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குச் சம்மதம். ஆனால் அண்ணன் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாதவர் அவர். பெரியப்பா சரி சொல்ல இருந்த நேரத்தில்தான் தட்டு வந்து குறுக்கே நின்றது.

"வேலையாம் வேலை! கவிச்சிய அள்ளுற வேலைக்குப் போயிட்டு வந்து எம்பெருமாளுக்கு விளக்கேத்துவாளா? அப்படித்தான்னா பெட்டியக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் பெரியம்மா.

இந்தப் பெட்டி கட்டும் பேச்சை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வழக்கில் தோற்றால் சித்தியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஜெயித்தால் இங்கேயே இருப்பாள் என்று நான் எனக்குள் எழுதிக்கொண்டேன். வேலை என்றால் என்ன, சித்தப்பா மாதிரி காலையில் போய்ச் சாயங்காலம் வருவதுதானே.

பெரியப்பா ஃபைலைத் திறந்தார். கடல்பாசி தாவரமாக இருந்தால் வேலைக்குப் போகலாம், பிராணியாக இருந்தால் கூடாது. விசாரணை மூன்றாம் சனிக்கிழமை, அழகர்கோவில் போய் வந்த பிறகு. சித்தப்பா தயங்கித் தயங்கிச் செல்போனை நீட்டி, "அண்ணே, நெட்டுலயே போட்டிருக்கு" என்றார்.

"நெட்டுல எவன் வேணும்னாலும் எழுதுவான். கவர்மெண்ட் புஸ்தகத்துல இருக்கா? அதக் கொண்டா" என்றார் பெரியப்பா.

அந்த வீட்டில் இருந்த ஒரே கவர்மெண்ட் புத்தகம் என் பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சித்தி மொட்டை மாடிக்கு வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தாள். "கண்ணு, உன் சயின்ஸ் புக்கக் கொஞ்சம் தாரியா? எனக்கு ஒரு டவுட்டு" என்றாள்.

நான் வாத்தியாரானேன். நான்கு சாயங்காலம் அந்த மொட்டை மாடியில் சித்திக்குப் பாடம் நடத்தினேன். மாணவி என்னமோ சுமார்தான், கேள்வி மட்டும் ஓயாமல் கேட்டாள். பாசிக்கு வேர் இல்லையே, பூ இல்லையே, பாறையைச் சும்மா பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது, அதை எப்படித் தாவரத்தோடு சேர்ப்பாய் என்றாள். நான் பக்கம் புரட்டினேன். வெயிலை வைத்துக்கொண்டு தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறது, அதனால்தான் என்றேன். சித்தி வாயைப் பிளந்தாள்.

அடுத்த நாள் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாள். காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி இருந்தது. "இது கடல்பஞ்சு. இடத்த விட்டு நகராது. கண்ணு, காது, வாயி ஒண்ணும் கிடையாது. அப்ப இது செடிதானே?"

"செடிதான்" என்றேன் நான், யோசிக்காமல்.

"அப்படியா?" என்று அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டதில் எனக்கே சந்தேகம் வந்து புத்தகத்தைத் தேடினேன். விலங்குகள் பட்டியலில் முதல் ஆளாக இருந்தது அது. உடம்பெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதந்து வருவதை வடிகட்டித் தின்கிறது. அப்போதுதான் என் தலைக்குள் விளக்கு எரிந்தது. கால் இருக்கிறதா, கிளை இருக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. "சித்தி, தானே சமைச்சுக்கிட்டா செடி. அடுத்தவங்க சமைச்சத தின்னா பிராணி. அம்புட்டுத்தான்!" என்றேன்.

"அடேங்கப்பா, இம்புட்டு ஈஸியா!" என்றாள் சித்தி. "அப்ப உங்க சித்தப்பா?"

"பிராணி."

"பெரியப்பா?"

இருவரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஒருநாள் தாளில் ஒட்டிய நீளமான புல் ஒன்றைக் காட்டினாள். கடற்புல். இதற்கு நம் வயல் புல்லைப் போலவே வேரும் உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூவும் பூக்கும், எந்தக் காலத்திலோ கரையிலிருந்து கடலுக்குக் குடிபோனது, கடலுக்குள் ஆவுளியா என்கிற பெரிய மிருகம் மாடு மாதிரி இதைத்தான் மேயும் என்றாள். நான் புத்தகம் முழுக்கத் தேடினேன். "இதெல்லாம் புக்குலயே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினேன். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு, "எங்க ஊர்ல சொல்லுவாங்க" என்றாள். நான் மன்னித்துவிட்டேன்.

பவளத்தை மட்டும் படம் போட்டுத்தான் காட்டினாள். கரையில் கிடந்தாலும் அதை எடுக்கக் கூடாதாம், எடுத்தால் கேஸ் போடுவார்களாம். மரம் மாதிரி கிளை விட்டிருந்தது. நானும் முன்போல ஏமாறாமல் முதலில் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பிராணி என்றேன். அது ஒற்றைப் பிராணிகூட இல்லை, ஒரு ஊர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு வாய், வாயைச் சுற்றி இரை பிடிக்கக் குட்டிக் கைகள். கண்ணுக்கே தெரியாத பாசிகள் அந்த வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்து, வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுகின்றன. தண்ணீர் சூடு ஏறினால் குடித்தனக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள், பவளம் வெளுத்துவிடும் என்றபோது சித்தியின் குரல் மாறியது. சமைத்துப் போடுகிறவர்கள் கோபித்துக்கொண்டு போனால் வீடு என்னாகும் என்று எனக்கும் புரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. அதிகாலையில் அழகர்கோவில் போய், கூட்டத்தில் நசுங்கி, பெருமாளைப் பார்த்துவிட்டு, அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் கெட்டித் தோசையோடு மதியம் வீடு திரும்பினோம். தோசையைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்த கையோடு பெரியப்பா ஹாலில் நாற்காலியைப் போட்டு ஃபைலைத் திறந்தார். பெரியம்மா கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சித்தி சமையலறை வாசலில் நின்றாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் பெரியப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

நான் எழுந்து நின்று பாடத்தை வாசித்தேன். பெரியப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வரிகளைச் சரிபார்த்தார். புத்தகத்தைத் திருப்பி, அட்டையில் கோபுர முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தார். "பாசி தன் உணவைத் தானே தயாரிக்கிறது. சரி. பதிவாச்சு" என்றார்.

"புக்குல ஆயிரம் எழுதியிருக்கும்" என்றாள் பெரியம்மா. "என் மூக்குக்குத் தெரியாதா? செடின்னா மண்ணுல மொளைக்கணும். கடல்ல இருந்து வந்தா அம்புட்டும் கவிச்சிதான்."

பெரியப்பாவின் பேனா நின்றுவிட்டது. இதற்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை. நான் சித்தியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று சாமி அறைக்குள் போய்ப் பூஜைச் சங்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கடல்ல இருந்து வந்ததெல்லாம் கவிச்சின்னா, இது என்ன பெரியம்மா? இதுக்குள்ள நத்தை இருந்துச்சு. பெரிய நத்தை. அது கட்டுன வீடு இது. பெரியப்பா, உங்க மோதிரத்துல இருக்குற பவளம் பிராணியோட எலும்பு மாதிரி. பெரியம்மா தோட்டுல இருக்குற முத்து சிப்பியோட வயித்துக்குள்ள இருந்து எடுத்தது. எதுவுமே தானே சமைக்காது. பாசிதான் சைவம். நம்ம சாமி ரூம்ல இருக்குறதுதான் அசைவம்!"

செவ்வாய் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிப் போட்ட மோதிரம் அது. பெரியப்பா அந்த விரலைத் தன்னுடையது இல்லை என்பதுபோலத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அம்மா என்னை அடிக்க எழுந்தாள். பெரியம்மா காதில் கை வைத்தபடி இருந்தாள், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. முப்பது வருஷமாகத் தினமும் விடிகாலையில் குளித்துவிட்டு அந்தச் சங்கில்தான் அவள் பெருமாளுக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறாள். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஜெயித்த மாதிரியும் இருந்தது, எதையோ உடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது.

சித்தி வந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னப்பிள்ள, தெரியாமப் பேசுது. பெருமாளு கையில இருக்குற சங்க யாராச்சும் கவிச்சிம்பாங்களாக்கா? அவரு தொட்டா அது சுத்தம். நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். பெருமாளே படுத்திருக்குறது கடல்லதானே. அவரு வீட்டுல மொளைச்சத அவருக்கு வச்சேன். தப்புன்னா மன்னிச்சிருங்க."

பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "அவரு படுத்திருக்குறது உங்க ஊரு உப்புக் கடல்ல இல்லத்தா. பாற்கடல்ல" என்றாள்.

"நானும் பால் ஊத்தித்தானேக்கா செஞ்சேன்?"

முதலில் பெரியம்மாவின் வயிறு குலுங்கியது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். "அடிப் பாவி, என்னமாப் பேசுறா பாருங்க!" என்று சித்தியின் கன்னத்தில் ஒரு இடி இடித்தாள். சித்தப்பா சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் ஏற்கனவே எழுத ஆரம்பித்திருந்தார்.

எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "கடல்பாசி தாவர வகையைச் சேர்ந்தது என அரசுப் பாடநூலின்படி நிரூபணமாகிறது. சங்கு, பவளம், முத்து குறித்து எழுப்பப்பட்ட கேள்விகள் இவ்வழக்கின் வரம்புக்கு அப்பாற்பட்டவை என்பதால் நிராகரிக்கப்படுகின்றன. மனுதாரர் வேலையில் சேர அனுமதிக்கப்படுகிறார்." கீழே பச்சை மையில் நீளமாக ஒரு கையெழுத்து.

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. சித்தி என்னைத் தூக்கி ஹாலைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினாள். என் எடைக்கு அது சாதாரணக் காரியமில்லை. சாயங்காலமே பெரியம்மா, "அந்தப் பாசிக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். நான் தெருத்தெருவாகப் போய், எங்கள் சித்தி இனிமேல் எங்கேயும் போக மாட்டாள், நான் வாதாடி ஜெயித்துவிட்டேன் என்று தோழிகளிடமெல்லாம் சொன்னேன். அன்று என்னைவிடப் பெரிய வக்கீல் மதுரையில் கிடையாது.

திங்கட்கிழமை விடிந்தபோது பச்சை டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது.

மதுரை ஜங்ஷனில் ராமேஸ்வரம் பாசஞ்சர் நின்றிருந்தது. வீடே வந்திருந்தது. பெரியம்மா புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்து, "வெறும் வயித்தோட கடல்ல இறங்காத" என்றாள். பெரியப்பா, உத்தரவின் நகல் ஒன்றை எதற்கும் இருக்கட்டும் என்று மடித்துக் கொடுத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாமதானே சித்தி ஜெயிச்சோம்? அப்புறம் ஏன் போற?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சதாலதாண்டி போறேன்" என்றாள் சித்தி. என் கையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். "சனிக்கிழமை வாரேன். நீ மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தவளை வண்டி முடிக்க விடவில்லை.

அவள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவே எனக்குத் துரோகமாகத் தெரிந்தது. எல்லோரும் கையாட்டினார்கள், நான் ஆட்டவில்லை. சித்தப்பாதான் என்னை அதிகமாகக் கோபப்படுத்தினார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் பெண்டாட்டி ரயிலேறிப் போகிறாள், இந்த மனிதர் என்னடாவென்றால் வண்டியின் கடைசிப் பெட்டி மறைகிற வரை முகமெல்லாம் பல்லாக, பரீட்சையில் தானே பாஸானவர் போல நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த பிளாட்பாரத்தில் அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். வழக்கில் ஜெயித்த நான் ஒருத்திதான் அழுதுகொண்டிருந்தேன்.